டிக்கெட்டில் ஒரு மணி நேரம், பயணம் எத்தனை மணி நேரம்?

நம் பக்கத்து விமான நிலையம் ரேணிகுண்டாவில் இருக்கிறது. திருப்பதியிலிருந்து சுமார் 15 கிலோ மீட்டர். 2015-ஆம் ஆண்டு அங்கே புதிய கட்டடம் திறந்தார்கள்.

இங்கிருந்து ஐதராபாத்துக்கு விமானம் போகிறது. சாலையில் கடப்பா, கர்னூல் வழியாகப் போனால் ஏறக்குறைய 560 கிலோ மீட்டர். வானத்தில் சுமார் 420 கிலோ மீட்டர்தான். ஏன் இந்த வித்தியாசம்? சாலை மலையைச் சுற்றிப் போகும். ஆற்றில் பாலம் உள்ள இடத்தைத் தேடிப் போகும். விமானத்துக்கு அந்தச் சுற்று இல்லை.

இந்தத் தூரத்துக்கு டிக்கெட்டில் சுமார் 1 மணி 15 நிமிடம் போட்டிருப்பார்கள். மேலே ஏறிய பிறகு விமானம் மணிக்கு 500 கிலோ மீட்டருக்கு மேல் கூடப் பறக்கும். ஆனால் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். மெதுவாக ஏறி, மெதுவாக இறங்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் பிடிக்கும்.

சித்தூரில் இருப்பவருக்கு இந்த 1 மணி 15 நிமிடம் போதுமா? போதாது. விமானம் காலை 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்.

2 மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதாவது 8 மணி. திருப்பதி பஸ் நிலையத்திலிருந்து அங்கே போக முக்கால் மணி. அதாவது 7.15. சித்தூரிலிருந்து திருப்பதி 70 கிலோ மீட்டர். பஸ்ஸில் 2 மணி நேரம். ஆகவே விடியற்காலை 5.15-க்கே பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும்!

ஐதராபாத்தில் பெட்டியை வாங்க அரை மணி. விமான நிலையம் ஊருக்கு வெளியே ஷம்சாபாத்தில் இருக்கிறது. ஊருக்குள் போக இன்னும் ஒரு மணி. எல்லாம் சேர்த்தால் ஏழரை மணி நேரம். அவசரம் இல்லாதவர்கள் இரவு ரயிலில் தூங்கிக்கொண்டே போகலாம் என்பது என் எண்ணம்.

குவைத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் தேதியை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். சென்னையிலிருந்து விமானம் 12-ஆம் தேதி 01:30 என்று இருக்கிறதா? அது 11-ஆம் தேதி இரவு முடிந்து வரும் ஒன்றரை மணி. 12-ஆம் தேதி இரவு போனால் விமானம் போய்விட்டிருக்கும். விசாவும் பணமும் சிக்கலாகிவிடும். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னால் போக வேண்டும். சித்தூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு 4 மணி நேரம் வையுங்கள். 11-ஆம் தேதி மாலை 6.30-க்கே கிளம்ப வேண்டும்.

இன்னொன்று. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். குவைத் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடும். சென்னையில் 04:00-க்குக் கிளம்பிக் குவைத்தில் 06:30-க்கு இறங்கினால், பறந்தது இரண்டரை மணி நேரம் அல்ல, 5 மணி நேரம்.

பயிற்சி: குவைத்தில் 10-ஆம் தேதி இரவு 23:00-க்கு ஒரு விமானம் கிளம்புகிறது. நாலரை மணி நேரம் பறக்கிறது. சென்னையில் இறங்கும்போது நம் கடிகாரத்தில் மணி என்ன? தேதி என்ன?