உப்பு ஏறாத மோட்டார்

கேள்வி: கிணற்றில் 20 அடியில் தண்ணீர். ஒன்றரை எச்.பி. மோட்டாரும் பிரஷர் டேங்கும் போடலாமா?
– வாசகர், சிக்கல்

பதில்: ஒன்றரை வேண்டாம், அரை எச்.பி. போதும். உங்கள் ஊர் போன்ற கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலுள்ள உப்பு 40 அடி வரை ஏறலாம் என்பது கணக்கு. ஆகவே மெதுவாக, இடைவெளி விட்டு இறையுங்கள். தரைமேல் மோட்டார் சுமார் 25 அடிக்குக் கீழிருந்து உறிஞ்சாது. கோடையில் மட்டம் அதற்கும் கீழே இறங்கினால் சப்மெர்சிபிள்தான். உள்பாகங்கள் எவர்சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். இரும்பை உப்பு தின்றுவிடும்.

பிரஷர் டேங்க், மோட்டார் அடிக்கடி ஓடாமல் காக்கும். ஆனால் பாதிக்கு மேல் காற்றுதான். கரண்ட் போனால் சில குடம்கூடத் தேறாது. என் ஓட்டு மொட்டைமாடித் தொட்டிக்கே.