பேசாத பிள்ளையின் கையில் களிமண்

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்கிறது. பாடசாலைக்குப் போகும் நேரத்தில் வயிற்றுவலி என்கிறது. இரவில் நித்திரை இல்லை. ஆட்கள் வந்தால் உள்ளே போய்விடுகிறது. இதைச் சோம்பல் என்றும் அடம் என்றும் ஏசுவோர் உண்டு. இது பதகளிப்பாகவும் இருக்கலாம். ஊரும் பாடசாலையும் மாறி, கூட்டாளிகளைப் பிரிந்த பிள்ளைக்கு இது வருவதில் புதுமையில்லை. நமது கடனும் காணிக் கவலையும் அதன் காதிலும் விழுகின்றன.

“என்ன நடந்தது, சொல்” என்று துருவினால் பயம் கூடும். நட்ட நாற்று வேர்பிடித்ததா என்று நாம் இழுத்துப் பார்ப்பதில்லை.

மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அதில் முன்னின்று உழைத்தனர். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே கூடிக் களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை புனைந்து நடித்தனர். வாயால் சொல்ல முடியாத பயத்தைக் கையால் உருவாக்கலாம். அப்போது அது பிள்ளைக்கு வெளியே வந்து நிற்கிறது. அதை நசித்து வேறொன்றாக மாற்றவும் முடிகிறது. “என்னாலும் ஒன்றைச் செய்ய முடியும்” என்ற நம்பிக்கை அங்கேதான் முளைக்கிறது.

நமது கிராமத்தில் இதைச் செய்யும் வழி:

1. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். எட்டுப் பத்துப் பேர் போதும். ஒழுங்கு மாறாதிருப்பதே பயந்த பிள்ளைக்குத் தைரியம்.

2. குளத்துக் களிமண், அடுப்புக்கரி, பழைய கலண்டர் தாள், சிரட்டை, ஓலை ஆகியவற்றைப் பாவிக்கலாம். காசு செலவில்லை.

3. முதலில் தனியாகக் கைவேலை; பின்பு இருவராகக் கதை; விரும்பினால் குழுவாக நாடகம். கூச்சமுள்ள பிள்ளை திரை பிடிக்கலாம், மத்தளம் தட்டலாம்.

4. “யுத்தத்தை வரை” என்று கேட்க வேண்டாம். திருத்தவும் புள்ளி போடவும் வேண்டாம். “இதைப்பற்றிச் சொல்ல விருப்பமோ?” என்று மட்டும் கேட்போம். மறுத்தால் விட்டுவிடுவோம்.

5. செய்த பொருள் பிள்ளைக்கே சொந்தம். அதன் சம்மதமின்றி எவருக்கும் காட்டக்கூடாது.

இதனால் படிப்புக் கெடும் என்று சில பெற்றோர் அஞ்சுவர். நெஞ்சு படபடக்க இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. மனம் ஆறினால் படிப்பும் இலகுவாகும்.

நித்திரையும் சாப்பாடும் நீண்ட நாள் குழம்பினாலோ, சாவைப்பற்றிப் பிள்ளை கதைத்தாலோ காத்திருக்க வேண்டாம். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு உடனே கூட்டிச்செல்வோம். தேசிய உளநல உதவி இலக்கமான 1926உடனும் கதைக்கலாம்.

கலந்துரையாடுவோம்:

அ. நமது பிள்ளைகளுள் அண்மையில் பேச்சைக் குறைத்தவர் யார்?

ஆ. ஏசாமலும் திருத்தாமலும் அவர்களோடு ஒரு மணித்தியாலம் இருக்கக்கூடியவர் நம்மில் யார்?

இ. எந்த நாளில், எந்த இடத்தில் தொடங்குவோம்?