தொண்டை அடைப்பான்: மழைக்கு முன்னும் காய்ச்சல் கண்ட பின்னும்

திட்டக்குடிப் பக்கம் வெள்ளாற்றங்கரையிலும் வெலிங்டன் ஏரியைச் சுற்றியும் மாடு, எருமை வளர்ப்பவர்கள் ஐப்பசி மழை வரட்டும் என்று இருக்கக் கூடாது. ஆவணியிலேயே கால்நடை மருந்தகத்துக்குப் போய்த் தொண்டை அடைப்பான் தடுப்பூசியைக் கேளுங்கள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஆறு மாதம் தாண்டிய கன்றிலிருந்து எல்லா உருப்படிக்கும் ஆண்டுதோறும் போட வேண்டும். எருமைக்குத் தவறவே கூடாது. இந்த நோய் மாட்டைவிட எருமையைத்தான் கடுமையாகத் தாக்கும்.

அடுத்து, வீட்டில் ஒரு தெர்மாமீட்டர். மழைக்காலத்தில் தீனி எடுக்காமல் சோர்ந்து நிற்கும் மாட்டுக்கு உடனே ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பு. 104-ஐத் தாண்டினால் தொண்டையில் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? இந்த நோயை உண்டாக்கும் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா ரத்தத்தில் பெருகும்போது அதன் மேலுறையில் உள்ள நச்சை உடலின் காவல் அணுக்கள் மோப்பம் பிடிக்கின்றன. அந்த நச்சை உணரும் டிஎல்ஆர்-4 என்ற ஏற்பியை 1998-இல் எலிகளில் கண்டுபிடித்தவர் புரூஸ் பாய்ட்லர். அதற்காக 2011-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஏற்பி பழுதான எலிகளுக்கு நச்சை மட்டும் ஊசியாகப் போட்டால் தாங்கிக்கொண்டன. உயிருள்ள கிருமியைச் செலுத்தினாலோ, சிறு அளவிலேயே மடிந்தன. காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்புகிற அதே உணர்வுதான் கிருமியை அடக்கவும் வேண்டியிருக்கிறது. அது அளவு மீறினால் ரத்தக் குழாய்கள் கசிந்து, ரத்த அழுத்தம் சரிந்து மாடு விழும். தொண்டை வீங்கிய பின் போடும் மருந்து கிருமியைக் கொன்றாலும், மூண்டுவிட்ட இந்த எதிர்வினையை அணைக்காது. பல மாடுகள் ஒரே நாளில் இறப்பது இதனால்தான்.

ஆகவே காய்ச்சல் கண்டவுடன் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962-ஐ அழையுங்கள். வாயில் எச்சில் ஒழுகுவது, தொண்டையும் கீழ்த்தாடையும் வீங்குவது, மூச்சில் குறட்டைச் சத்தம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். மூச்சுத் திணறும் மாட்டுக்கு வாய்வழியாகக் கஷாயம் புகட்ட வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். நோய்ப்பட்டதைத் தனியே கட்டி, தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துவிடுங்கள். மற்ற உருப்படிகளுக்குக் காலை மாலை காய்ச்சல் பாருங்கள். மருந்து கொடுக்கும் நாட்களில் பாலை விற்காதீர்கள். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

இறந்துவிட்டால் ஆற்றிலோ ஏரியிலோ தள்ளாமல், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வடிந்திருந்தால் அது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம்: அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், மருத்துவர் வரும்வரை யாரையும் கிட்டே விடாதீர்கள்.