மூன்றே நாளில் பேட்டரி காலி!

கேள்வி: என்னிடம் 1944-ஆம் வருட வில்லிஸ் ராணுவ ஜீப் இருக்கிறது. பேட்டரி புதுசுதான். ஆனால் மூன்று நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஏன்?

பதில்: உடனே இன்னொரு பேட்டரி வாங்கிவிடாதீர்கள். கடிகாரம், ரேடியோ எதுவும் இல்லாத இந்த 6 வோல்ட் வண்டியில், இக்னிஷன் ஸ்விட்சை அணைத்தபின் துளி மின்சாரமும் ஓடக்கூடாது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு 6 வோல்ட் பல்பை இணையுங்கள். பல்புக்குப் பதில் மல்டிமீட்டரை முதலிலேயே மாட்டினால், கசிவு பெரிதாக இருந்தால் அதன் ஃப்யூஸ்தான் போகும். பல்பு எரிந்தால் கசிவு உறுதி. எரியாவிட்டால் சிறு கசிவைத் தேட இப்போது மீட்டரை மாட்டலாம்.

என் சந்தேகமெல்லாம் ரெகுலேட்டருக்குள் இருந்து டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் மேல்தான். அதன் பாயின்ட்டுகள் ஒட்டிக்கொண்டால், இன்ஜின் நின்ற பிறகும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பி ஓடும். இரவு நிறுத்திய வண்டியின் டைனமோவைக் காலையில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்! ரெகுலேட்டரில் பேட்டரி ஒயரை மட்டும் கழற்றியதும் பல்பு அணைந்தாலும் அதே முடிவுதான்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பாயின்ட்டுகளை மெல்லிய அரத்தால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள் உள்ளே பதிந்துவிடும். பல்பு அணையவில்லையா? மற்ற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எண்பது வருடப் பருத்தி உறை, பாவம், எங்கே உரசி நைந்திருக்கிறதோ!