உள்ளறைக் காற்றும் புகையிலைப் புகையும்

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். ஆலைகளும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த இப்பகுதியில், காற்று மாசு என்றவுடன் நம் விரல் புகைபோக்கிகளையே சுட்டுகிறது. அது நியாயமே. ஆயினும், வெளிக்காற்றின் தூய்மைக்கு நாம் பிறரை வேண்டி நிற்க வேண்டியுள்ளது. உள்ளறைக் காற்றோ நம் கையிலேயே உள்ளது.

பீடியோ சிகரெட்டோ புகையும்போது இருவகைப் புகை எழுகிறது. புகைப்பவர் இழுத்து வெளிவிடுவது ஒன்று. இழுப்புகளுக்கிடையே நுனியில் கனன்று எழுவது மற்றொன்று. பின்னது அரைகுறையாக எரிவதால் நச்சு மிகுந்தது. புகையிலைப் புகையில் 7000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோய் விளைப்பவை. புகைத்துகள்கள் மிக நுண்ணியவை ஆதலின், விரைவில் படியாமல் மிதந்து நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன.

அடுக்குக் குடியிருப்பில் மாடிப்படியும் நடைவழியும் பொது. கதவிடுக்கு, சுவர்த்துளை, சன்னல் வழியே ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலை அடைகிறது. மின்விசிறி புகையைப் பரப்புமேயன்றி நீக்காது. சன்னலைத் திறந்தால் புகை குறையும், முற்றும் அகலாது. உள்ளே புகைக்காதிருப்பதே முழுத் தீர்வு.

பிறர் புகையின் தீமையை உலகுக்கு உணர்த்தியவருள் ஜப்பானிய அறிஞர் தகேஷி ஹிராயாமா ஒருவர். புகைக்கும் கணவரின் மனைவியர், தாம் புகைக்காதவராயினும், நுரையீரல் புற்றுநோயால் மிகுதியாக இறந்தனர் என அவர் 1981இல் வெளியிட்டார். குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் காதுநோயும், பெரியவர்களுக்கு இதயநோயும் இப்புகையால் மிகுகின்றன.

முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம் மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், பொது ஊர்தி முதலியவற்றில் புகைப்பதைத் தடுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பணியிடங்கள் உள்ளிட்ட பொது இடங்களுக்கு அத்தடையை விரித்தன. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எனினும், வீட்டு வாசற்படியோடு சட்டம் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தந்தையைத் தடுக்க மகனுக்கு நா எழுவதில்லை. மூத்தவரை மறுக்க மருமகள் துணிவதில்லை. ஆதலின் இளையோர் சொல்லும்வரை காத்திராது, பெரியவர்களே முன்வந்து, 'இக்கூரையின்கீழ்ப் புகையில்லை' என்று தமக்குத்தாமே விதித்துக்கொள்ளுதல் வேண்டும். புகையை அறவே விடுதல் அதனினும் நன்று. ஆலைப்புகை சூழ்ந்த ஊரில் நம் பிள்ளைகளுக்கு நாம் இன்றே அளிக்கக்கூடிய தூய காற்று அதுவேயாகும்.