சரிவில் காரை நிறுத்த எதை நம்புவது?

ஊட்டியிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ காரை நிறுத்தக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் சரிவாகத்தான் இருக்கும். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அங்கே மூன்று விதமான யோசனை கிடைக்கும். ‘ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து விடுங்க, போதும்’ என்பார் ஒருவர். ‘அதை நம்பாதீங்க, கியர்ல போட்டு நிறுத்துங்க’ என்பார் இன்னொருவர். லாட்ஜ் வாட்ச்மேன் எதுவும் பேசாமல் ஒரு கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். மூன்றிலும் நியாயம் உண்டு, மூன்றிலும் ஓட்டையும் உண்டு. எது எப்போது கைவிடும் என்று தெரிந்தால்தான், எதோடு எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க முடியும்.

முதலில் எவ்வளவு பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம் என்று பார்ப்போம். 100 மீட்டர் நீளத்துக்கு 10 மீட்டர் ஏறும் சாலையை 10 சதவீதச் சரிவு என்கிறோம். அதில் 1,000 கிலோ எடையுள்ள கார் நின்றால், சுமார் 100 கிலோ விசை அதை எந்நேரமும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். சரிவு 20 சதவீதமானால் அது கிட்டத்தட்ட 200 கிலோ. நாம் தூங்கும்போதும் அந்த இழுப்பு ஓயாது.

ஹேண்ட் பிரேக்: முதல் காவல்

வண்டியை நிறுத்தி வைப்பதற்கென்றே செய்யப்பட்ட பிரேக் இது ஒன்றுதான். ஐக்கிய நாடுகளின் கார் பிரேக் விதிமுறை 13-எச், முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில் வண்டியை இது தனியாகப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. ஆகவே ‘ஹேண்ட் பிரேக் வீண்’ என்பது சரியல்ல. எதை வைத்தாலும் இதையும் போட்டே ஆக வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கு நல்ல நிலையில் இருக்கும் பிரேக்குக்கு உரியது. பெரும்பாலான கார்களில் லிவரிலிருந்து ஒரு கேபிள் போய்ப் பின்சக்கர பிரேக்குகளை இழுக்கிறது. நாளடைவில் கேபிள் நீளும், லைனிங் தேயும். லிவர் வழக்கத்தைவிட மேலே வருகிறது என்றால் மெக்கானிக்கிடம் சொல்லி டைட் வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எத்தனை ‘கிளிக்’கில் பிடிக்க வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

மலைப்பாதைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளையோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம்மும் டிஸ்க்கும் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்துகிறோம். ஆறும்போது உலோகம் சுருங்கும், பிடி தளரும். பின்சக்கரத்தில் டிஸ்க் உள்ள கார்களில் இது அதிகம். ஓட்டுநர் டீ குடிக்கப் போன பிறகு, யாரும் தொடாமலே கார் தானாக நகர்வது பல சமயம் இதனால்தான். நீண்ட இறக்கத்துக்குப் பின் நிறுத்தினால் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, லிவரை இன்னொரு கிளிக் இழுத்துவிட்டுப் போங்கள்.

புதிய கார்களில் வரும் ‘ஹில் ஹோல்டு’ வசதியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏற்றத்தில் கிளம்பும்போது ஓரிரு விநாடி வண்டியைப் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது.

கியர்: இரண்டாவது காவல்

எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரில் போட்டால், சக்கரம் உருள வேண்டுமானால் எஞ்சினையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். சிலிண்டரில் அடைபட்ட காற்றின் எதிர்ப்புத்தான் அதைத் தடுக்கிறது. முதல் கியரின் விகிதம் 3.5, கடைசிப் பல்சக்கர விகிதம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 14 சுற்றுச் சுற்றியாக வேண்டும். ஐந்தாவது கியரில் போட்டால் மூன்று சுற்றுக்கு மேல் கொஞ்சம்தான். எனவே முதல் கியர் அல்லது ரிவர்ஸ், இவை இரண்டைத் தவிர வேறெதிலும் நிறுத்தக் கூடாது.

இதன் பலவீனம், அடைபட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே மெல்லக் கசிவது. செங்குத்தான சரிவில் தேய்ந்த எஞ்சின் உள்ள கார் கியரில் மட்டும் நின்றால், ஒரு பிஸ்டன் விட்டுக்கொடுத்ததும் சிறு குலுக்கலோடு நகர்ந்து அடுத்த பிஸ்டனின் தடையில் நிற்கும். நான்கு சிலிண்டர் சிறிய காரில் ஒவ்வொரு நகர்வும் சுமார் 7 செ.மீ. இரவு முழுக்க இப்படி நகர்ந்தால் கார் எங்கே போய் முட்டும் என்று சொல்ல முடியாது. ஆகவே கியரை மட்டும் நம்பிப் படுக்கப் போகாதீர்கள்.

எந்த கியர் என்பதற்கு எளிய விடை உண்டு. காரின் முகம் மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். இரண்டின் பிடியிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. காரணம் வேறு. மறந்துபோய்க் கியரிலேயே சாவியைத் திருப்பி செல்ஃப் எடுத்தால் கார் ஒரு துள்ளு துள்ளும். இந்த முறைப்படி நிறுத்தியிருந்தால் அது மேட்டுப் பக்கம் துள்ளும். மாற்றிப் போட்டிருந்தால் பள்ளத்தை நோக்கிப் பாயும்.

சக்கரத்தைத் திருப்பி வைத்தல்: செலவில்லாத காப்பு

மற்ற இரண்டும் கார் நகராமல் பார்த்துக்கொள்கின்றன. நகர்ந்துவிட்டால் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது முன்சக்கரத்தின் திசை. சான் பிரான்சிஸ்கோ நகரில் 3 சதவீதத்துக்கு மேல் சரிந்த தெருவில் சக்கரத்தைத் திருப்பாமல் நிறுத்தினால் அபராதம். ஆனால் அமெரிக்கர்கள் வலப்புறம் நிறுத்துகிறவர்கள். அவர்கள் படம் போட்டுக் காட்டும் திசைகளை அப்படியே பின்பற்றினால் நமக்குத் தலைகீழாகிவிடும்.

நாம் இடப்புறம் நிறுத்துகிறோம். இறக்கத்தைப் பார்த்து நின்றால், ஓரக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டியரிங் இடப்பக்கம். ஏற்றத்தைப் பார்த்து நின்று ஓரக்கல் இல்லையென்றாலும் இடப்பக்கம்தான். கார் பின்னால் உருண்டால் அதன் பின்பகுதி சாலையை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கும். ஏற்றத்தைப் பார்த்து, உயரமான ஓரக்கல்லும் இருந்தால் மட்டும் வலப்பக்கம் திருப்பி, டயரின் பின்பகுதி கல்லில் சாயும்வரை மெதுவாக விட வேண்டும்.

மலையில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இடப்புறம் மலைச்சுவர் இருக்க வேண்டும். அங்கே மழைநீர் ஓடும் வாய்க்கால் இருந்தாலும் பரவாயில்லை, கார் அதில் இறங்கி நிற்பது சாலையில் உருள்வதைவிட மேல். இடப்புறம் பள்ளத்தாக்கு என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆபத்துத்தான். தடுப்புச் சுவரை நம்பாமல் வேறு இடம் தேடுங்கள்.

கட்டை: ஏமாற்றாத துணை

கேபிள், பிஸ்டன், லைனிங் எதையும் சாராமல் நிற்பது கட்டை மட்டுமே. லாரிக்காரர்கள் அதை எப்போதும் வண்டியில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆப்பு வடிவத்தில் அறுத்த மரக்கட்டையோ கடையில் விற்கும் ரப்பர் கட்டையோ இரண்டு இருந்தால் போதும். சாலையோரத்து உருண்டைக் கல் டயரோடு சேர்ந்து உருளும், ஈரத்தில் வழுக்கும். அவசரத்துக்குக் கல்தான் என்றால் தட்டையான அடிப்பாகம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கத்தில், டயரை ஒட்டி வைக்க வேண்டும்.

எந்த இடத்தில் எது?

மிதமான சரிவில் கொஞ்ச நேரம் நிறுத்த: ஹேண்ட் பிரேக், கியர், திருப்பிய சக்கரம்.

செங்குத்தான சரிவில், அல்லது இரவு முழுக்க: மேலே சொன்ன மூன்றோடு கட்டையும்.

உங்கள் கார் எந்தச் சக்கரத்தில் இயங்குகிறது என்பதையும் பாருங்கள். ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இயக்கக் காரில் கியர் முன்சக்கரங்களையும் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களையும் பிடிப்பதால் நான்குக்கும் காவல் கிடைக்கிறது. பொலேரோ, ஆம்னி போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் இரண்டும் பின்சக்கரங்களையே பிடிக்கின்றன. அவை ஈரமான சருகிலோ சரளையிலோ நின்றால் முன்சக்கரம் உதவிக்கு வராது. அந்த வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் கட்டை அவசியம்.

பஞ்சர் ஆனால் சரிவில் ஜாக்கி போடாதீர்கள். இயங்கும் சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழும்பினால் டிஃபரென்ஷியல் வழியாக அது தன்னிஷ்டத்துக்குச் சுழலும். கியரின் பிடி அந்த நொடியே போய்விடும். சமமான இடம்வரை ஊர்ந்தாவது போங்கள். டயர் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் பல நாள் நிறுத்துவதென்றால் சமதளமே நல்லது. ஈரத்தில் ஹேண்ட் பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் அதை விடுவித்துவிட்டுக் கியரையும் கட்டையையும் நம்பலாம்; சரிவில் அந்த வசதி இல்லை.

வரிசை முக்கியம்

கால் பிரேக்கை மிதித்தபடி நில்லுங்கள். சக்கரத்தைத் திருப்பி, நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். பிறகு கால் பிரேக்கை மெல்ல விட்டு, வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காருகிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் அந்தப் பிரேக்குக்கு உடனே மெக்கானிக் தேவை. நகராவிட்டால் எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்துக் கியரில் போட்டு, இறங்கிக் கட்டை வையுங்கள். முதலிலேயே கியரில் போட்டுக் காலை எடுத்தால் பாரமெல்லாம் கியர்பாக்ஸில் ஏறி, கிளம்பும்போது கியர் இறுகி நிற்கும். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்பதும் தெரியாமல் போகும்.

குழந்தைகளைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஹேண்ட் பிரேக் பொத்தானை அமுக்கவும் கியர் கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளவும் சிறு கைக்கும் வலு போதும். வெளியே காத்திருப்பவர்கள் காரின் மேட்டுப் பக்கத்தில் நிற்கட்டும்.

சட்டமும் இதையே கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 126-வது பிரிவு, ஓட்டுநர் இல்லாத வண்டி தற்செயலாக நகர்ந்துவிடாதபடி எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட வேண்டும் அல்லது வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. நம் சாலைகளில் ஒரே பிடியை நம்பி நிறுத்தினால் அந்தக் கடமை முடிந்துவிடாது. ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்க வேண்டும். அந்த இன்னொன்று முதலாவதைச் சாராததாக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கோடு எதைச் சேர்ப்பது என்று குழம்பினால் இந்த ஓர் அளவுகோலே போதும்.

கிளம்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். அண்டை கொடுத்த கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகாமல், எடுத்து ஓரத்தில் போடுங்கள். மூடுபனியில் அடுத்து வரும் பைக்காரருக்கு அந்தக் கல் தெரியாது.