பழைய இரண்டாம் ஹார்ட் டிஸ்க்கைப் புதிதாகப் பிரிக்க

விண்டோஸ் கணினியில் இரண்டாவதாக உள்ள ஹார்ட் டிஸ்க்கைப் படங்களுக்கோ காப்புப் பிரதிக்கோ ஒதுக்கும் முன், அதிலுள்ள கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, நகல்களில் சிலவற்றைத் திறந்தும் பார்த்துவிட வேண்டும்.

விண்டோஸ் விசையுடன் எக்ஸை அழுத்தினால் வரும் பட்டியலில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ இருக்கும். பெரிய இழப்புகள் நேர்வது இங்கேதான். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கொள்ளளவையும் பார்க்க வேண்டும். 1 டிபி டிஸ்க் அங்கே ஏறக்குறைய 931 ஜிபி என்றே தெரியும்; அது பழுதல்ல, கணக்கிடும் முறையின் வேறுபாடு. இரண்டு டிஸ்க்குகளும் ஒரே அளவென்றால் சி டிரைவ் எந்த வரிசையில் இருக்கிறதோ அதைத் தொடவே கூடாது.

பகுதிகளை ‘டெலீட் வால்யூம்’ மூலம் நீக்கியதும் அந்த இடம் கறுப்புப் பட்டையாக மாறும். டிஸ்க் 2 டிபிக்கு மேற்பட்டதென்றால் ஜிபிடி என்ற பகுதி அட்டவணை முறை கட்டாயம். எம்பிஆர் முறையில் மீதி இடம் பயன்படாது. பிறகு ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுத்து அளவையும் டிரைவ் எழுத்தையும் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து ஃபார்மேட் வடிவம்: விண்டோஸில் மட்டும் பயன்படுத்த என்டிஎஃப்எஸ் பொருத்தம். மேக்கிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வடிவம் 4 ஜிபியைத் தொடும் ஒற்றைக் கோப்பை ஏற்காது, நீளமான வீடியோக்களுக்கு அது உதவாது.

விரைவு ஃபார்மேட் பழைய தரவை உண்மையில் அழிப்பதில்லை. டிஸ்க்கைப் பிறருக்குக் கொடுப்பதானால் சில மணி நேரமானாலும் முழு ஃபார்மேட்டே செய்ய வேண்டும்.